சம்பத் ஏன் வெளியேறினார்?
ஓர் இளம் கட்சியின் உள்விவாதம் குறித்துச் சில குறிப்புகள்

1

எங்கள் பெரியப்பா 1961 ஏப்ரல் வரை தி.மு.க. அதற்குப் பிறகு மூன்று வருஷம் தமிழ்த் தேசியக் கட்சி. அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் இல்லை. குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்த குரோம் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ராதா நகர் ரயில்வே கேட் மூடிக் கிடக்கிற நேரமெல்லாம் அங்கே நின்று அரசியல் பேசுகிற கூட்டம் ஒன்று இருந்ததாம். கேட் திறந்தாலும் யாரும் நகரமாட்டார்கள் என்று பெரியம்மா சொல்வார். அந்தக் கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். 1961இல் அது இரண்டாக உடைந்தது. பெரியப்பாவோடு வந்தவர்கள் மூன்று பேர். மற்றவர்களோடு அவருக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. அதில் ஒருவர் அவருடைய கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக்கொடுத்தவர்.

கடைசிக் காலத்தில் ஒருமுறை அவரிடம் கேட்டேன்: "எதுக்குப் பெரியப்பா பிரிஞ்சீங்க?" அவர் சொன்ன பதிலை இங்கே அப்படியே தருகிறேன். "நாங்க சொன்னதத்தான்டா அவங்க ரெண்டரை வருஷம் கழிச்சுச் செஞ்சாங்க. நாங்க சொன்னப்ப துரோகம். அவங்க செஞ்சப்ப ராஜதந்திரம்."

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சுற்றி வரப்போகிறேன். இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதியை அவருமே கடைசிவரை சொல்லவில்லை.

2

முதலில் சங்கதிகளை வரிசைப்படுத்திக் கொள்வோம்.

1949 செப்டம்பர் 17ஆம் தேதி திராவிட முன்னேற்றக் கழகம் உருவானது. மறுநாள் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் மழையில் நடந்த கூட்டத்தில் அறிமுகமாயிற்று. (எங்கள் ஊர் எம்.ஐ.டி.யும் அதே 1949இல்தான் தொடங்கியது. குரோம்பேட்டைக்காரர்கள் இரண்டையும் சேர்த்தே ஞாபகம் வைத்திருப்பார்கள்.) செப்டம்பர் 17 பெரியாரின் பிறந்த நாள். அவரைவிட்டுப் பிரிந்தவர்களின் கட்சி அவர் பிறந்த நாளிலேயே பிறந்தது தற்செயல் அல்ல. வெளியே சொல்லப்பட்ட காரணம் அந்த ஆண்டு ஜூலையில் நடந்த பெரியார் – மணியம்மை திருமணம். உள்ளே வேறு சில கணக்குகளும் இருந்தன. 1947 ஆகஸ்ட் 15 துக்க நாளா இல்லையா என்பதிலேயே பெரியாருக்கும் அண்ணாதுரைக்கும் இடையே விரிசல் வெளிப்படையாகிவிட்டது. இயக்கத்தின் சொத்துக்கும் தலைமைக்கும் யார் வாரிசு என்பது இன்னொரு கேள்வி.

இந்த இரண்டாவது கேள்வி ஒரு மனிதரை நேராகத் தொட்டது. அவர் ஈ.வெ.கி. சம்பத். பெரியாரின் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமியின் மகன். வாரிசு என்று ஊரே பேசிக்கொண்டிருந்தவர், இருபத்து மூன்று வயதில் சித்தப்பாவை விட்டு வெளியே வந்தார். அண்ணாதுரை, நெடுஞ்செழியன், மதியழகன், என்.வி. நடராசன் ஆகியோரோடு 'ஐம்பெரும் தலைவர்'களில் ஒருவரானார்.

1956இல் திருச்சி மாநாடு. தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்று வந்திருந்தவர்களிடமே வாக்கெடுப்பு நடத்தி, நிற்பது என்று முடிவெடுத்தார்கள். 1957 தேர்தலில் சட்டமன்றத்துக்குப் பதினைந்து பேர், நாடாளுமன்றத்துக்கு இரண்டு பேர். இரண்டில் ஒருவர் நாமக்கல்லில் வென்ற சம்பத். 1959இல் சென்னை மாநகராட்சியில் நூற்றில் 45 இடங்களைப் பிடித்து, கம்யூனிஸ்டுகளின் ஆதரவோடு மேயர் பதவியையும் கழகம் கைப்பற்றியது. பிறந்து பத்தே ஆண்டான கட்சி.

இங்கிருந்துதான் சண்டை தொடங்குகிறது. தோல்வியில் அல்ல, முதல் வெற்றியில்.

மாநகராட்சி வெற்றிக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் அண்ணாதுரை கருணாநிதிக்கு ஒரு மோதிரம் அணிவித்தார். கூடவே பாடுபட்ட கண்ணதாசனுக்கு அது ஆறாத புண்ணாயிற்று. அதைப் பின்னாளில் 'வனவாச'த்தில் எழுதியும் விட்டார். கட்சி அமைப்பில் யார் கை ஓங்குவது என்ற போட்டி 1960இல் வெளிப்படையாயிற்று. நெடுஞ்செழியனுக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு விடையாக அண்ணாதுரையே மறுபடி பொதுச் செயலாளரானார். சம்பத் அவைத் தலைவரானார். 1961 தொடக்கத்தில் பொதுக்குழுவிலேயே மோதல். சம்பத் உண்ணாவிரதம் இருந்தார். அண்ணாதுரை நேரில் வந்து முடித்து வைத்தார். சில வாரங்கள்தான். ஏப்ரலில் சம்பத் வெளியேறி தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கினார். கண்ணதாசன் உடன் போனார். பழ. நெடுமாறன் போனார். எங்கள் பெரியப்பாவும் போனார்.

1962இல் அந்தக் கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. தி.மு.க.வுக்கு 50. 1964இல் தமிழ்த் தேசியக் கட்சி காங்கிரசோடு இணைந்தது.

3

இந்தப் பிரிவுக்கு இரண்டு கதையாடல்கள் புழக்கத்தில் உள்ளன.

ஒன்று கழகத்தார் சொல்வது. பதவி ஆசை, அவசரபுத்தி, அண்ணனின் அருமை தெரியாத தம்பி. இன்னொன்று சம்பத் பக்கத்தார் சொல்வது. கொள்கை ஒருபக்கம், சினிமாக் கவர்ச்சி மறுபக்கம். அறிவு தோற்றது, அரிதாரம் வென்றது.

இரண்டுமே ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அரசியலாக இருந்த ஒரு தகராறைக் குணச்சித்திரமாக மாற்றிவிடுகின்றன. ஆனால் சம்பத் எழுப்பிய கேள்விகளில் ஒன்று மிகவும் உருப்படியானது. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் உருவாகிவிட்டன. ஆந்திரம், கேரளம், மைசூர் எல்லாம் தனித்தனியே போயாயிற்று. அந்த மூன்று இடங்களிலும் 'திராவிட நாடு' கேட்டு ஒரு கட்சியும் இல்லை. அப்புறம் யாருக்காக இந்தக் கோரிக்கை? நான்கு மொழிக்காரர்களின் பெயரால் ஒரு மொழிக்காரர் மட்டும் கேட்கும் நாடு எப்படிச் சாத்தியம்? தமிழ்நாட்டை ஒரு தேசமாகக் கொண்டு, பிரிந்துபோகும் உரிமையுள்ள சுயநிர்ணயத்தைக் கேட்பதுதான் நேர்மை என்பது சம்பத்தின் நிலைப்பாடு. டெல்லியில் உட்கார்ந்து பார்த்தவருக்குக் கிடைத்த பார்வை இது. இந்தி குறித்து நேரு 1960இல் உறுதிமொழிக் கடிதம் எழுதியது அவருக்குத்தான் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மேடையில் முழங்குவதற்கும் மசோதா விவாதத்தில் எழுந்து பேசுவதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருந்தது.

1962 அக்டோபரில் சீனப் போர். 1963இல் பிரிவினை கேட்பவர் தேர்தலில் நிற்க முடியாதபடி அரசியல் சட்டத்தின் 16ஆம் திருத்தம். அதே ஆண்டு நவம்பரில் தி.மு.க. தன் சட்டதிட்டத்தை மாற்றி, திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. பெரியப்பா சொன்ன ரெண்டரை வருஷக் கணக்கு சரிதான்.

ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சம்பத் சொன்னது 'திராவிட நாட்டை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டைக் கேள்' என்பது. கழகம் செய்தது இரண்டையும் விட்டுவிட்டு மாநில சுயாட்சிக்கு வந்தது. சம்பத் செய்ததோ அதற்கும் மேலே. பிரிந்துபோகும் உரிமை கேட்ட கட்சியை மூன்றே ஆண்டில் காங்கிரசில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆகவே 'நாங்கள் சொன்னதைத்தான் அவர்கள் செய்தார்கள்' என்பது முழு உண்மையல்ல. இருவரும் ஒரே சுவரில்தான் போய் முட்டினார்கள். ஒருவர் கூட்டத்தோடு முட்டினார், இன்னொருவர் தனியாக முட்டினார். கூட்டத்தோடு முட்டியவர் சுவரோரமாகவே நடந்து 1967இல் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்.

4

இரண்டாவது கேள்வி சினிமா. இதில் நான் பெரியப்பாவோடு நிற்க முடியாது.

நடிகர்களின் செல்வாக்கு கட்சியில் ஏறிக்கொண்டே போகிறது என்பது சம்பத்தின் குற்றச்சாட்டு. பின்னால் நடந்ததைப் பார்த்தால் இதுவும் தீர்க்கதரிசனம்போலத் தெரியும். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். வெளியேற்றப்பட்டு அ.தி.மு.க. உருவானது. 1977இல் ஆட்சியே கைமாறியது. எம்.ஜி.ஆர். என்ற பிம்பம் எளிய மக்களின் ஒப்புதலை எப்படித் திரட்டியது என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய நூலுக்குப் பிறகு நமக்கு இதைப் பேச ஒரு மொழியும் கிடைத்துவிட்டது.

ஆனால் 1961இல் சம்பத் தரப்பின் குரலைக் காது கொடுத்துக் கேட்டால் அதில் ஒலிப்பது பிம்பம் குறித்த விமர்சனம் அல்ல. 'கூத்தாடிகள்' என்கிற இளக்காரம். அதே வசையைக் காங்கிரஸ் மேடைகள் அன்று தி.மு.க. முழுவதையும் நோக்கி வீசிக்கொண்டிருந்தன. எதிரி வெளியிலிருந்து வீசிய கல்லை உள்ளே இருந்தவர் பொறுக்கி, பக்கத்தில் இருந்தவர் மேல் எறிந்தார். கூத்தாடி என்பது தமிழ்ச் சமூகத்தில் வெறும் தொழிற்பெயரா என்ன? அதற்குள் சாதி இருக்கிறது. ஈரோட்டு வணிகக் குடும்பத்திலிருந்து வந்த ஒருவரும் திருக்குவளையில் இசை வேளாளர் குடும்பத்திலிருந்து வந்த ஒருவரும் மோதிக்கொள்ளும்போது, 'கலைக்காரனுக்கு என்ன அரசியல்' என்ற வார்த்தை யார் பக்கமிருந்து யார் மேல் விழுகிறது என்பதை நாம் கவனிக்காமல் போக முடியாது. சம்பத் சாதி பார்த்தார் என்று நான் சொல்லவரவில்லை. அவர் கையில் எடுத்த சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு சரித்திரம் இருந்தது என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று. கண்ணதாசனும் சினிமாக்காரர்தான். பெரியப்பாவே ஒருநாள் சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்: "மேடையில சினிமாக்காரன்னு திட்டுவோம். படம் வந்தா மொத டிக்கெட்டும் நாங்கதான்."

5

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். சம்பத் சொன்னது சரியா தப்பா என்பதல்ல முக்கியம். அதைச் சொல்வதற்கு அந்தக் கட்சிக்குள் இடம் எங்கே இருந்தது?

தி.மு.க. தொடங்கியபோது தலைவர் பதவியைக் காலியாக விட்டது. அது பெரியாருக்கு உரிய நாற்காலி என்றார்கள். 1969இல், அண்ணாதுரை மறைந்த பிறகு, கருணாநிதி தலைவராகும்வரை இருபது ஆண்டுகள் அது காலியாகவே இருந்தது. ஜனநாயகத்தில் அதிகாரத்தின் இடம் காலியான இடம், அதில் யாரும் நிரந்தரமாக உட்கார முடியாது என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் க்ளாத் லெஃபோர் சொல்வார். நம்முடைய காலி நாற்காலி அந்த ரகம் அல்ல. அதன் முதுகில் ஒரு பெயர் எழுதியிருந்தது. யாரும் போட்டியிட முடியாத நாற்காலி அது. போட்டி முழுக்க அதற்கு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவரோ எல்லோருக்கும் 'அண்ணா'.

இந்த உறவுமுறைச் சொல்லாடல்தான் சிக்கலின் முடிச்சு என்று எனக்குப் படுகிறது. 1955இலிருந்து 'திராவிட நாடு' இதழில் அண்ணாதுரை தம்பிக்குக் கடிதம் எழுதினார். படிக்கத் தெரிந்தவன் படிக்காதவனுக்குப் படித்துக் காட்ட, முடிதிருத்தும் கடையிலும் டீக்கடையிலும் தம்பிகள் உருவானார்கள். ஐயா, ஜி, மகாத்மா என்றிருந்த அரசியலில் அண்ணன் – தம்பி என்பது மகத்தான ஜனநாயகப்படுத்தல். தோல் பதனிடுகிற ஒருவனை மாநிலத் தலைவர் தம்பி என்று கூப்பிடுகிறார் என்றால் அது சாதாரணக் காரியம் இல்லை. பெரியப்பாவைக் கழகத்துக்குக் கொண்டுவந்ததே அந்தச் சொல்தான்.

ஆனால் குடும்பத்தில் கருத்து வேறுபாட்டுக்கு என்ன பெயர்? கோபம், மனவருத்தம், கோள்மூட்டுதல், கடைசியில் துரோகம். 'மாற்றுத் தீர்மானம்' என்ற சொல் குடும்பத்தில் கிடையாது. அண்ணனுக்கு எதிராக வாக்கெடுப்பு கேட்கிறவன் தம்பியாக இருக்க முடியாது. சம்பத் உண்ணாவிரதம் இருந்ததை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். பொதுக்குழுவில் வாதத்தால் தீராததை வீட்டில் சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடிக்கிற மொழியில் சொன்னார். அண்ணாதுரையும் அதே மொழியில் வந்து பழரசம் கொடுத்தார். இரண்டு பேருமே பெரிய பேச்சாளர்கள்தான். ஆனாலும் அன்று அவர்களுக்கு அரசியல் மொழி உதவவில்லை.

பத்திரிகைகளின் கதையும் இதுதான். 'திராவிட நாடு', 'முரசொலி', 'மன்றம்', 'தென்றல்' என்று ஆளுக்கொரு இதழ். மேலோட்டமாகப் பார்த்தால் எத்தனை பன்மை! ஆனால் ஒவ்வோர் இதழும் ஒரு தலைவரின் வீடு. ஒரே பக்கத்தில் இருவர் வாதிட்டுக்கொள்ளும் பொது இதழாக எதுவும் வளரவில்லை. வாசகன் கருத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, ஆசிரியரைத் தேர்ந்தெடுத்தான்.

கட்சி என்றால் கடைசியில் ஒரு சிறுகூட்டத்தின் ஆதிக்கம்தான், அது இரும்பு விதி என்று ராபர்ட் மிஷெல்ஸ் 1911இலேயே ஜெர்மன் சோசலிஸ்டுகளைப் பார்த்து எழுதினார். நம் நண்பர்கள் சிலர் இதைச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார்கள். விதி என்று முடிவுகட்டிய மிஷெல்ஸ் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் முசோலினியின் கட்சி என்பதையும் அவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

6

இது தமிழனுக்கு மட்டும் வாய்த்த வியாதி அல்ல. ஈராக்கின் குர்து நிலப்பகுதியில் 2009இல் கோரான் என்று ஒரு கட்சி பிறந்தது. கோரான் என்றால் மாற்றம். தாலபானியின் தேசபக்தக் கூட்டணியில் இரண்டாம் இடத்தில் இருந்த நவ்ஷிர்வான் முஸ்தஃபா ஊழலையும் குடும்ப ஆட்சியையும் எதிர்த்து வெளியே வந்து, முதலில் ஊடகம் நடத்தி, பிறகு கட்சி நடத்தினார். முதல் தேர்தலிலேயே 111இல் 25 இடங்கள். 2014இல் ஆட்சியில் பங்கேற்றது. 2015 அக்டோபரில் அந்தக் கட்சியைச் சேர்ந்த நாடாளுமன்ற சபாநாயகரைத் தலைநகர் எர்பிலுக்குள்ளேயே நுழையவிடாமல் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பினார்கள். 2017இல் நவ்ஷிர்வான் இறந்தார். அதற்குப் பிறகு யார் தலைவர், ஆட்சியில் இருப்பதா வெளியேறுவதா, கட்சித் தலைமையகம் இருக்கும் குன்றும் கட்டடமும் கட்சிக்கா அவருடைய பிள்ளைகளுக்கா என்று சண்டை. 2018இல் 12 இடங்கள். 2024இல் ஒன்றே ஒன்று.

குடும்ப ஆட்சியை எதிர்த்துப் பிறந்த கட்சி குடும்பச் சொத்துத் தகராறில் வந்து நின்றதைப் படித்தபோது எனக்கு ஈரோடு ஞாபகம் வந்தது. வித்தியாசமும் ஞாபகம் வந்தது. கோரான் தேய்ந்தது, தி.மு.க. தேயவில்லை. பிளவை விழுங்கி வளரத் தெரிந்த கட்சி அது. 1961, 1972, 1994 என்று ஒவ்வொரு முறையும் உடைந்து, பிழைத்தது. பிழைக்கும் கலை வேறு, விவாதிக்கும் கலை வேறு என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

7

ஐந்து நிறுவனர்களும் என்னவானார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடலாம். சம்பத் 1961இல் போனார். மதியழகன் 1972இல் சட்டமன்றத் தலைவராக இருந்தபோது எம்.ஜி.ஆர். பக்கம் சாய்ந்து பதவியை இழந்தார். நெடுஞ்செழியன் 1977இல் வெளியேறி, தனிக்கட்சி கண்டு, அ.தி.மு.க.வில் சேர்ந்தார். அண்ணாதுரை 1969இல் மறைந்தார். கடைசிவரை கழகத்தில் இருந்து இறந்தவர்கள் அவரும் 1975இல் மறைந்த என்.வி. நடராசனும் மட்டும்தான்.

இந்தப் பட்டியலை எல்லோரும் சொல்வார்கள். யாரும் சேர்த்துச் சொல்லாத ஒரு பெயர் சத்தியவாணி முத்து. தலித் பெண். கழகத்தின் ஆரம்பகால முகங்களில் ஒருவர். 1967 அமைச்சரவையில் இருந்தவர். தாழ்த்தப்பட்டோர் புறக்கணிக்கப்படுகிறார்கள் என்று சொல்லி 1974இல் வெளியேறி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். அதுவும் 1977இல் அ.தி.மு.க.வில் கரைந்தது. சம்பத் பிரிந்ததற்கு ஒரு காவியமே இருக்கிறது. மோதிரம், உண்ணாவிரதம், கவிஞர் எல்லாம் அதில் உண்டு. சத்தியவாணி முத்து பிரிந்ததற்கு ஓர் அடிக்குறிப்புகூட இல்லை. கீழ்வெண்மணி 1968இல் நடந்தது இதே கட்சியின் ஆட்சியில்தான். அதற்குப் பிறகு ஒரு தலித் தலைவர் 'இந்தக் கட்சியில் எங்களுக்கு என்ன இருக்கிறது' என்று கேட்டால், அது திராவிட நாடா தமிழ்நாடா என்பதைவிடச் சின்ன விவாதமா?

'உட்கட்சிப் பூசல்' என்று வரலாறு எதைப் பதிவுசெய்கிறது என்பதே ஓர் அரசியல். அண்ணன் – தம்பி மொழியில் இரண்டு தம்பிகள் சண்டை போட்டால் கதை. தங்கை கேள்வி கேட்டால் அதைச் சொல்ல அந்த மொழியில் வார்த்தையே இல்லை. ஒரு பெண் இயக்கத்தின் வாரிசாவதா என்ற கேள்வியில்தான் 1949இல் கட்சியே பிறந்தது என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

8

இதையெல்லாம் எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று ஒரு சந்தேகம் உண்டு. நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து இந்தப் பக்கம் ஒரு வாசிப்பு வட்டம் நடத்தினோம். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் நண்பர்கள். மின்சார ரயிலில் வந்து மாடியறையில் கூடுவோம். சம்பத்தை விமர்சித்து நான் முதலில் பேசியதே அங்கேதான். மூன்றாம் வருஷம் வட்டம் உடைந்தது. காரணம் ஒரு தொகுப்பில் யார் பெயர் முதலில் வருவது என்பது. அதை நாங்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. 'கோட்பாட்டு வேறுபாடு' என்றோம். எட்டுப் பக்கத்துக்கு ஓர் அறிக்கைகூட எழுதினோம். எழுதியவன் நான்தான்.

அந்த அறிக்கையில் இருந்த வேறுபாடுகள் பொய்யில்லை. நிஜமாகவே இருந்தன. மூன்று வருஷமும் இருந்தன. கூட்டத்தில் அவற்றைப் பேசவில்லை. நட்பு கெட்டுவிடும் என்று பயந்தோம். ஒரு மோதிரம் வந்து விழும்வரை காத்திருந்து, அதன் மேல் எல்லாவற்றையும் ஏற்றினோம். பெரியப்பாவின் மீதிப் பாதி இதுதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. 1956இலேயே திராவிட நாடு கரைந்துவிட்டதென்றால் 1957 தேர்தலில் சம்பத் எதைக் கேட்டு ஓட்டு வாங்கினார்? கேட் பக்கத்தில் நின்ற பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருவராவது அந்த ஐந்து வருஷத்தில் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டாரா? பதவிப் போட்டி வந்த பிறகுதான் கொள்கைச் சந்தேகத்துக்கு வாய் முளைத்தது. முளைத்ததால் அது பொய்யாகிவிடாது. ஆனால் எதிர்ப்பக்கம் அதைப் பொய் என்று சொல்ல வசதியாகிவிட்டது.

சம்பத் 1977 பிப்ரவரியில் இறந்தார். செய்தி வந்த அன்று பெரியப்பா வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் தாலி எடுத்துக்கொடுத்த அந்தப் பழைய நண்பர் வீட்டுக்கு வந்தார். பதினாறு வருஷத்துக்குப் பிறகு. இருவரும் திண்ணையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினார்கள். பெரியம்மா காபி கொண்டுபோய் வைத்தபோது காதில் விழுந்தது திராவிட நாட்டைப் பற்றித்தானாம். 1957இல் பேசியிருக்க வேண்டிய பேச்சு.